அப்பாவின் கேன் கணக்கில் தொடங்குங்கள்

கேள்வி: சார், எனக்கு 27 வயது. பி.காம். சி.ஏ. முடித்துவிட்டு திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். டேலியும் எக்ஸெலும்தான் வேலை. அப்பா குட்டி யானையில் வீடு வீடாக 20 லிட்டர் தண்ணீர் கேன் போடுகிறார். கணக்கெல்லாம் ஒரு நீள நோட்டில். வாடிக்கையாளர்கள் ஆர்டர் போடவும், பணம் கட்டவும், வண்டி எங்கே வருகிறது என்று மேப்பில் பார்க்கவும் ஸ்விகி மாதிரி ஓர் ஆப் செய்ய ஆசை. கல்லூரியில் சி++ கொஞ்சம் படித்தேன், மறந்துவிட்டது. பிளஸ் டூவில் கிடைத்த அரசு லேப்டாப் இருக்கிறது, 4 ஜிபி ராம். ஒரு சென்டரில் 6 மாத கோர்ஸுக்கு 45,000 ரூபாய், வேலை உறுதி என்கிறார்கள். சேரலாமா? ஜாவாவா, கோட்லினா, ஃப்ளட்டரா? ஏஐயே எல்லாம் எழுதிவிடுகிறதே, இனிமேல் கற்றுப் பயன் உண்டா? இதை வைத்து வேலை மாற முடியுமா?

பதில்:

வணக்கம். முதலில் அந்த ஆப்பைப் பற்றிப் பேசிவிடலாம். மற்ற கேள்விகள் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

நீங்கள் எழுதியிருப்பதைச் செய்ய வாடிக்கையாளர் கையில் ஓர் ஆப், அப்பா கையில் இன்னோர் ஆப், இரண்டுக்கும் நடுவில் ராத்திரி பகலாக ஓடும் சர்வர் என்று மூன்று வேண்டும். லாகின் வைத்தால் ஓடிபி அனுப்ப வேண்டும். இந்தியாவில் அப்படி எஸ்எம்எஸ் அனுப்ப டிஎல்டி என்ற, தொலைத்தொடர்பு நிறுவனங்களின் பதிவுத் தளத்தில் பதிவு செய்து, அனுப்பப்போகும் வாசகத்துக்கும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். கூகுள் மேப்ஸை ஆப்பில் சேர்க்க பில்லிங் கணக்கு திறக்க வேண்டும். ஆப் திறந்திராத நேரத்திலும் வண்டியின் இருப்பிடத்தை அனுப்ப ஆண்ட்ராய்டு தனி அனுமதி கேட்கும், ஏன் வேண்டும் என்று பிளே ஸ்டோர் விளக்கம் கேட்கும். அதெல்லாம் முடிந்த பிறகும் சில கம்பெனி போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று உங்கள் ஆப்பைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடும். பணம் வாங்குவது இதற்கெல்லாம் மேலே. "பணம் போயிருச்சு, கேன் வரலயே" என்று ராத்திரி போன் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். இது ஒரு குழு செய்கிற வேலை. புதிதாகக் கற்றுக்கொள்பவர் இதில் இறங்கினால் மூன்றாவது மாதத்தில் லேப்டாப்பை மூடி வைத்துவிடுவார். திறமை இல்லாமல் அல்ல, எதுவும் முழுதாக ஓடிப் பார்க்காத சலிப்பில்.

அந்த நீள நோட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் என்ன இருக்கும்? வீட்டின் பெயர், இன்று கொடுத்த கேன், திரும்பி வந்த காலி கேன், வாங்கிய பணம். இதை மட்டும் செய்யும் ஓர் ஆப் செய்யுங்கள். பயன்படுத்துகிறவர் உங்கள் அப்பா ஒருவர் மட்டும். லாகின் இல்லை, சர்வர் இல்லை, இன்டர்நெட் அனுமதிகூட வேண்டாம். அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் சிக்னல் இல்லாவிட்டாலும் ஓடும்.

இது குழந்தை விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அப்பாவோடு வண்டியில் போங்கள். நீங்கள் வீடுகளை அகர வரிசையில் அடுக்க நினைத்திருப்பீர்கள். அப்பாவுக்கு வேண்டியது தெரு வரிசை. எந்த வீட்டுக்கு அடுத்து எந்த வீடு என்பதுதான் அவர் நோட்டின் ஒழுங்கு. கை ஈரமாக இருக்கும், ஈர விரலுக்கு டச் ஸ்கிரீன் சரியாகக் கேட்காது. அதனால் எண்ணை டைப் செய்ய வைக்கக் கூடாது. கூட்ட ஒரு பெரிய பொத்தான், குறைக்க ஒன்று, தப்பாகத் தட்டியதைத் திரும்பப் பெற ஒன்று. வெயிலில் வெளிர் சாம்பல் எழுத்து தெரியாது. எழுத்தின் அளவை போன் செட்டிங்கில் பெரிதாக்கி வைத்திருப்பார், அப்போது "காலி கேன் திரும்பியது" என்ற வாசகம் பொத்தானுக்குள் அடங்காமல் வெட்டுப்படும். தமிழில் திரை வடிவமைக்கும் எல்லோருக்கும் வரும் தொல்லை இது. ஆங்கிலத்தில் செய்துவிட்டு கடைசியில் தமிழ் போடலாம் என்று தள்ளிப்போடாமல் முதல் நாளிலிருந்தே தமிழ் வாசகங்களை வைத்துத் திரையைப் பாருங்கள்.

உங்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது, கம்ப்யூட்டர் படித்த பல பையன்களுக்கு இல்லாதது. புதிதாக எழுதுகிறவர்கள் "இந்த வீட்டில் பாக்கி 3 கேன்" என்று ஓர் எண்ணைச் சேமித்து, ஒவ்வொரு முறையும் அதையே திருத்திக்கொண்டிருப்பார்கள். ஒரு நாள் எண் தப்பினால் எங்கே தப்பியது என்று தெரியாது. டேலியில் நீங்கள் லெட்ஜர் பாக்கியைக் கையால் திருத்துவதில்லை. வவுச்சர் போடுகிறீர்கள், பாக்கி தானே வருகிறது. இங்கும் அதே முறைதான். ஒவ்வொரு கொடுப்பும் ஒவ்வொரு வரவும் ஒரு பதிவு, பாக்கி அவற்றைக் கூட்டி வருவது. தவறான பதிவை அழிக்காமல் எதிர்ப்பதிவு போடுங்கள். போனுக்குள்ளேயே இருக்கும் எஸ்க்யூலைட் தரவுதளம் இதற்குத் தாராளம். அதைக் கோட்லினிலிருந்து கையாள ரூம் என்ற நூலகத்தை கூகுளே தருகிறது.

பணத்தைத் தசம எண்ணாக வைக்காதீர்கள். கம்ப்யூட்டரின் தசம எண்ணில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் துல்லியமாக 0.3 வராது. பைசாவாக முழு எண்ணில் வையுங்கள், காட்டும்போது ரூபாயாக்குங்கள்.

இன்னொன்று, இது அப்பாவின் தொழிலுக்கே உரியது. பல எடுத்துக்காட்டு நிரல்களில் நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமித்து, அதிலிருந்தே தேதியைப் பிரித்தெடுப்பார்கள். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. காலை 5 மணிக்கு அப்பா போட்ட கேன், அந்தக் கணக்கில் நேற்றைய தேதியில் போய் உட்காரும். மாத முதல் தேதியில் அது போன மாத பில்லுக்கே போய்விடும். பகலில் சோதித்துப் பார்க்கும்போது இது உங்கள் கண்ணில் படவே படாது. எனவே நேரம் இல்லாத வெறும் தேதியை, போன் இருக்கும் ஊரின் தேதியாகவே, தனியே சேமியுங்கள்.

மொழிக்கு வருகிறேன். கோட்லின். அப்பாவின் போன் ஆண்ட்ராய்டு, நீங்கள் செய்யப்போவதும் ஆண்ட்ராய்டு, விஷயம் முடிந்தது. 2017-இல் கூகுள் கோட்லினை ஆண்ட்ராய்டுக்கு அதிகாரப்பூர்வமாக ஏற்றது, 2019-இல் அதற்கே முதலிடம் என்று அறிவித்தது. திரைகளை வரைய ஜெட்பேக் கம்போஸ். அதன் 1.0 பதிப்பு 2021 ஜூலையில் வந்தது. யூடியூபில் தமிழில் கிடைக்கும் பாடங்களில் கணிசமானவை அதற்கு முந்தையவை. ஜாவாவில் எழுதி, திரையை எக்ஸ்எம்எல் கோப்பில் வரைவார்கள். அது தவறில்லை, பழைய நிறுவன ஆப்கள் இன்றும் அப்படித்தான் ஓடுகின்றன. ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் கலந்து படித்தால் தலை சுற்றும். வீடியோவின் தேதியைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

ஃப்ளட்டரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே நிரலில் ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஆப் வரும் என்பதால் சிறு நிறுவனங்கள் அதை விரும்புகின்றன. நாளைக்கு வேலை தேடும்போது உங்கள் ஊர்ப்பக்கம் அதையே கேட்டால் அப்போது மாறிக்கொள்ளலாம், ஒன்று தெரிந்தவருக்கு இன்னொன்று பெரிய மலை இல்லை. ஐபோனை மட்டும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அதற்கு ஆப் எழுதும் மென்பொருளான எக்ஸ்கோட் மேக் கம்ப்யூட்டரில்தான் ஓடும், ஆப் ஸ்டோரில் போட ஆண்டுக்கு 99 டாலர்.

45,000 ரூபாய் கோர்ஸ் வேண்டாம். அந்த சென்டர் நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாமலேயே சொல்கிறேன். உங்களுக்கு இப்போது இருக்கும் தடை ஆசிரியர் இல்லாதது அல்ல, லேப்டாப்தான். ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்கு 8 ஜிபி ராம் குறைந்தபட்சம், கம்ப்யூட்டருக்குள்ளேயே போலி போனை ஓட்டும் எமுலேட்டரும் வேண்டுமானால் 16 ஜிபி என்கிறது கூகுள். 4 ஜிபியில் அது திறக்கும், ஆனால் ஒரு வரி மாற்றி ஓடவிட்டால் டீ குடித்துவிட்டு வரலாம். கம்பெனிகளில் ஓடித் திரும்பிய பழைய ஆபீஸ் லேப்டாப்கள் சந்தையில் கிடைக்கின்றன. 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி, இந்த இரண்டை மட்டும் கறாராகக் கேளுங்கள். கோர்ஸுக்குச் சொன்ன தொகைக்குள்ளேயே முடியும். "வேலை உறுதி" என்பதைப் பற்றிக் கேட்டீர்களானால், எந்த நிறுவனம், என்ன சம்பளம், கிடைக்காவிட்டால் எவ்வளவு பணம் திரும்பும் என்று எழுத்தில் தரச் சொல்லிப் பாருங்கள்.

லேப்டாப் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். கோட்லின் பிளேகிரவுண்ட் என்ற தளம் பிரவுசரிலேயே திறக்கும், அரசு லேப்டாப் போதும். மாறிகள், நிபந்தனை, பட்டியல், ஃபங்ஷன், கிளாஸ் இவ்வளவையும் அங்கேயே பழகலாம். இரண்டு இடத்தில் மட்டும் நிதானமாக நில்லுங்கள். ஒன்று, மதிப்பே இல்லாமல் இருக்கக்கூடிய மாறியைக் கோட்லின் கேள்விக்குறி போட்டுப் பிரித்து வைப்பது. மற்றொன்று லாம்டா, அதாவது ஒரு ஃபங்ஷனையே இன்னொரு ஃபங்ஷனுக்குக் கொடுத்தனுப்புவது. கம்போஸ் முழுக்க லாம்டாதான். அது புரியாமல் போனால் திரைப் பாடத்தில் எங்கும் சுருள் அடைப்புக்குறிகளாகவே தெரியும்.

அடுத்து, கூகுள் இலவசமாகத் தரும் "ஆண்ட்ராய்டு பேசிக்ஸ் வித் கம்போஸ்" பாடத்திட்டம். ஆங்கிலம்தான், ஆனால் எழுத்து வடிவில் படிப்படியாக இருக்கிறது. வேகமாகப் பேசும் வீடியோவைவிட நிறுத்தி நிறுத்திப் படிக்க எளிது. நிரலை காப்பி செய்து ஒட்டாமல் கையால் அடியுங்கள். காற்புள்ளியை விட்டுவிட்டுத் தேடுகிற அரை மணிதான் பாடம்.

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை முதல் முறை திறக்கும் நாளில் நல்ல வைஃபை இருக்கும் இடத்தில் உட்காருங்கள். கிரேடில் என்கிற கட்டமைப்புக் கருவி அடிக்கோடியில் ஒரு பட்டையைக் காட்டிக்கொண்டு தேவையானதையெல்லாம் இறக்கும். அது நின்றுவிட்டது என்று நினைத்துப் பாதியில் மூடுகிறவர்கள்தான் அதிகம். எமுலேட்டரைத் தொடவேண்டாம், உங்கள் போனையே கேபிளில் மாட்டுங்கள். போன் செட்டிங்கில் பில்ட் நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்யுங்கள். போன் தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் வீட்டுக்கு இரண்டு இருக்கின்றன.

ஆப் திடீரென மூடிக்கொண்டால் லாக்கேட் என்ற பகுதியில் சிவப்பாக ஒரு நீளமான பட்டியல் வரும். பயப்பட வேண்டாம், முழுவதையும் படிக்கவும் வேண்டாம். "காஸ்ட் பை" (Caused by) என்று தொடங்கும் கடைசி வரியையும், உங்கள் கோப்பின் பெயர் வரும் முதல் வரியையும் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே பதில் இருக்கும். போனைக் குறுக்காகத் திருப்பியதும் அடித்த எண்ணெல்லாம் 0 ஆகிப்போனால் அதுவும் எல்லோருக்கும் நடப்பதுதான். திரை திரும்பும்போது ஆண்ட்ராய்டு பொதுவாக அந்தப் பக்கத்தை அழித்துப் புதிதாகக் கட்டுகிறது. பக்கம் அழிந்தாலும் எண்களைக் காத்து வைக்கும் வியூமாடல் எதற்கு என்ற பாடத்தை அந்த நாளில் படியுங்கள், ஒரே வாசிப்பில் புரியும்.

அப்பா நிஜமாகப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகுதான் ஆபத்தான கட்டம். முதல் மாதத்தில் நோட்டையும் ஆப்பையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் இரண்டையும் ஒத்துப் பாருங்கள், அது உங்கள் தினப்படி வேலைதானே.

இரண்டாவது மாதத்தில் அப்பா, "பால்காரர் மாதிரி லீவு நாளையும் குறிக்கணும்மா" என்பார். தரவுதளத்தில் ஒரு நெடுவரிசை கூட்ட வேண்டியிருக்கும். கூட்டிவிட்டு ஆப்பை ஓடவிட்டால் ரூம் மறுத்துவிடும், ஆப் மூடிக்கொள்ளும். பழைய அமைப்பிலிருந்து புதிய அமைப்புக்கு எப்படி மாறுவது என்று நீங்கள் எழுதிக்கொடுக்க வேண்டும், அதற்கு மைக்ரேஷன் என்று பெயர். ஏஐயிடம் கேட்டால் பெரும்பாலும் சரியான வழியைச் சொல்லும். சில சமயம் ஒரே வரியில் தீர்வு என்று ஒன்றைத் தரும். அந்த வரியில் "டிஸ்ட்ரக்டிவ்" என்ற சொல் இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். பிழை மறையும், கூடவே அப்பாவின் இரண்டு மாதக் கணக்கும் மறையும். பழைய தரவை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு என்பதுதான் அதன் பொருள்.

இதே அளவு ஆபத்தானது கையொப்பச் சாவி. ஒவ்வொரு ஆப்பும் ஒரு சாவியால் கையொப்பமிடப்பட்டே போனில் ஏறுகிறது. கேபிளில் மாட்டி ஓடவிடும்போது ஸ்டுடியோ தானாக ஒரு சோதனைச் சாவியைப் போட்டுக்கொள்ளும், அது அந்த லேப்டாப்புக்கு மட்டும் உரியது. நாளைக்கு லேப்டாப் மாறினால் சாவி மாறும், புதிய பதிப்பு பழையதன்மேல் ஏறாது. பழையதை நீக்கினால் கணக்கும் சேர்ந்தே நீங்கும். எனவே அப்பாவின் போனில் போடும் முதல் நாளிலேயே உங்களுக்கென ஒரு சாவிக் கோப்பை உருவாக்கி, அதனால் கையொப்பமிட்ட ஏபிகேயை, அதாவது போனில் நிறுவும் ஆப் கோப்பை, போடுங்கள். கோப்பையும் கடவுச்சொல்லையும் இரண்டு இடங்களில் வையுங்கள். கணக்கை சிஎஸ்வி கோப்பாக எடுத்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்ப ஒரு பொத்தானும் வையுங்கள். போன் வண்டியிலிருந்து விழுந்து நொறுங்கினாலும் எக்ஸெலில் திறந்துகொள்ளலாம்.

ஏஐ இருக்கும்போது கற்க வேண்டுமா என்றீர்கள். அந்த "டிஸ்ட்ரக்டிவ்" வரியை அடையாளம் காணும் அளவுக்காவது கற்க வேண்டும். நானும் தினமும் ஏஐயைப் பயன்படுத்துகிறேன். தெரிந்ததை வேகமாக எழுத வைப்பேன், தெரியாததை விளக்கச் சொல்வேன். முதல் சில மாதங்களுக்கு நீங்கள் இரண்டாவதை மட்டும் செய்யுங்கள். "இந்தப் பிழை ஏன் வருகிறது, நிரல் தராமல் தமிழில் சொல்" என்று கேளுங்கள், நன்றாகவே சொல்லும். காலை 5 மணித் தேதிச் சிக்கலை அது தானாகச் சொல்லாது. அப்பா எத்தனை மணிக்கு வண்டி எடுக்கிறார் என்று அதற்குத் தெரியாது.

பிளே ஸ்டோர் இப்போது தேவையே இல்லை. அப்பாவின் போனில் நீங்களே போட்டுவிடலாம். பிறகு மற்ற கேன்காரர்களும் கேட்டால் அப்போது யோசியுங்கள். பதிவுக் கட்டணம் ஒரே முறை 25 டாலர். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்காக இருந்தால், குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் உங்கள் ஆப்பைச் சோதனையில் வைத்திருந்த பிறகே பொதுவில் வெளியிட விண்ணப்பிக்க முடியும். தனிநபர் கணக்கில் உங்கள் சட்டப்படியான பெயரும் நாடும் ஸ்டோரில் தெரியும். ஆப்பில் பணம் வாங்கினால் முழு முகவரியும் தெரியும். வீட்டு முகவரியை அப்படிப் போட விருப்பமா என்று வீட்டில் பேசிவிட்டு முடிவெடுங்கள். ஆப்பின் அடையாளப் பெயரை, அதாவது பேக்கேஜ் நேமை, வெளியிட்ட பிறகு மாற்ற முடியாது. ஸ்டுடியோ தானாகத் தரும் "காம்.எக்ஸாம்பிள்" பெயரை ஸ்டோர் ஏற்காது. தொடக்கத்திலேயே சொந்தமாக ஒன்று வைத்துவிடுங்கள். வெளியிட்டுவிட்டால் அதோடு விட்டுவிடவும் முடியாது, ஒவ்வோர் ஆண்டும் புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்பப் புதுப்பிக்கச் சொல்வார்கள்.

வேலை மாறுவது பற்றி. இந்த ஆப் ஒன்றை வைத்து ஐடி கம்பெனி வேலை கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். இப்போதிருக்கும் வேலையை விடவும் வேண்டாம். ஆனால் நேர்காணலுக்கு வருகிறவர்களை நானும் பார்க்கிறேன். சான்றிதழும், பாடத்தில் வந்த அதே வானிலை ஆப்பும் வைத்திருப்பவர்கள் நிறைய. ஒருவர் தினமும் பயன்படுத்தும் ஆப்பை மாதக்கணக்கில் தரவு இழக்காமல் பராமரித்தேன் என்று சொல்பவர் அரிது. அவரிடம் எங்களுக்குக் கேட்க நிறைய இருக்கும். உங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு கதவும் உண்டு. பில்லிங், ஜிஎஸ்டி, சரக்குக் கணக்கு மென்பொருள் செய்யும் சிறு நிறுவனங்களில் நிரல் எழுதத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், டெபிட் எது கிரெடிட் எது என்று தயங்காமல் சொல்பவர்கள் குறைவு. முதலில் அங்கே விண்ணப்பியுங்கள். கேன் ஆப்பை ஓர் ஆறு மாதம் அப்பா ஓட்டிப் பார்த்த பிறகு.